விந்தைக் கதையும் கதைமாந்தரும்

ஒரு நூலைப் பிறர்க்குப் பரிந்துரைப்பது எளிய செயலன்று. அதிலும், அறிவியல் நாவல்களையும் விந்தைப் புனைவுகளையும் அறிமுகம் செய்யும்போது நாம் அவற்றிலுள்ள வியப்புகளையே முதலில் எடுத்துரைக்கிறோம். பறக்கும் ஊர்தி, பேசும் எந்திரம், வற்றாத பாத்திரம் என்று பட்டியலிடுகிறோம். கேட்கும் மாணவனுக்கோ இவை புதியன அல்ல. திரையில் இவற்றினும் பெரியனவற்றை அவன் கண்டவன். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். ஹாரி பாட்டர் வரிசையை ஆங்கிலத்தில் விரும்பிப் படிக்கும் அதே மாணவன், தமிழ் நாவலென்றால் துயரமும் அறிவுரையுமே என்று எண்ணி ஒதுங்குகிறான். அவனுக்கு எந்த நூலை, எதனைச் சொல்லிக் கொடுப்பது?

1924ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா உல்ப், தொடர்வண்டிப் பெட்டியின் மூலையில் அமர்ந்திருந்த பிரவுன் என்னும் முதியவளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அந்த முதியவளே நாவலின் தொடக்கம் என்பது அவர் கொள்கை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1976இல் வெளிவந்த கட்டுரையொன்றில், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் அக்கருத்தைத் தம் துறைக்குப் பொருத்தி வினவினார்: பிரவுன் அம்மையார் விண்கலத்தில் ஏறக்கூடுமா? கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அன்றாடம் தொடர்வண்டியில் செல்லும் நமக்கு அம்மூதாட்டி அயலவள் அல்லள். ஆயின் லெ குவின் எழுப்பிய வினாவுக்குத் தமிழ் நெடுங்காலத்துக்கு முன்பே விடை தந்துவிட்டது என்பது என் துணிபு.

சாத்தனாரின் மணிமேகலையை நாம் வகுப்பறையில் பெரும்பாலும் சமயக் காப்பியமாகவே கற்பிக்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1898இல் அதனைப் பதிப்பித்த நாள்தொட்டுச் சமய ஆராய்ச்சியே அதனைச் சூழ்ந்து நின்றது. விந்தைக் கதையாக அதனை ஒருமுறை படித்துப் பாருங்கள். கடல் தெய்வம் ஓர் இளம்பெண்ணைத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. வேற்றுருக் கொள்ளவும், வான்வழி இயங்கவும், பசியை வெல்லவும் மந்திரங்களை அளிக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. இவ்வளவு ஆற்றலும் பெற்ற பின்னரும் அவள் உள்ளம் அவள்வசம் இல்லை. தன்னைத் துரத்தும் உதயகுமரன்பால் தன் நெஞ்சம் செல்வதை அவளே தோழி சுதமதியிடம் ஒப்புக்கொண்டவள். அவனிடமிருந்து தப்பவே காயசண்டிகை வடிவை மேற்கொள்கிறாள். அந்த வேற்றுருவே அவன் உயிருக்கு உலையாகிறது. தன் மனைவியை அவன் நாடுவதாகப் பிறழ உணர்ந்த காஞ்சனன் அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். உருவைக் களைந்து அவள் அழுது அவனை அணுகும் இடத்தில், மந்திரம் மூன்றும் பயனற்று நிற்கின்றன. அமுதசுரபியை மறந்த மாணவனும் அந்த அழுகையை மறக்கமாட்டான். சிந்தாமணியின் மயிற்பொறியும் இத்தகையதே. அதன் திருகும் சிறகும் அல்ல, அதில் ஏறிச் சுடுகாட்டில் இறங்கி மகனை ஈன்ற விசயையே நினைவில் நிற்கிறாள்.

உரைநடைக் காலத்தில் பாரதியாரின் ஞானரதம் 1910இல் நூலாயிற்று. வேற்றுலகங்களுக்குச் செல்லும் கதை அது. அங்கும் பயணியின் அஞ்சித் தயங்கும் மனமே சுவையான பாத்திரம். புதுமைப்பித்தன் 1943இல் கடவுளையே சென்னைத் தெருவில் இறக்கிவிட்டார். எனினும், வந்தவரைத் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுட்சந்தாதாரராக்க முயலும் கந்தசாமிப் பிள்ளைதான் கதையை ஆள்கிறார். அது சிறுகதை, நாவல் தேடுவோர் பொறுத்தருள்க. படிக்கத் தயங்கும் மாணவனுக்கு அதைவிடச் சிறந்த வாயில் நானறிந்தவரை இல்லை.

மலாயாவின் நிலை வேறு. 1917இல் வெங்கடரத்தினத்தின் கருணாசாகரன் தொடங்கி வைத்த நம் நாவல் வழி, பின்னர்ப் பெரும்பாலும் தோட்ட வாழ்வு, சஞ்சி, சப்பானியர் ஆட்சி, சயாம் மரண ரயில் ஆகியவற்றின் பக்கமே திரும்பியது. அதில் குறைகாண இயலாது. சொல்லப்படாத துன்பம் குவிந்துகிடக்கையில், எழுத்தாளன் விண்மீனை நோக்க நேரமேது? வாய்மொழியில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வாழ்ந்தனர். ஏட்டில் அவர்களுக்கு இடம் குறைவாயிற்று.

இதன் நடுவே 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. கதை நிகழ்வதாக அவர் குறித்த 2021ஆம் ஆண்டு நம் கண்முன்னே கடந்துபோயிற்று. வருங்காலத்தை அவர் எவ்வளவு சரியாகக் கணித்தார் என்று ஆராய்வது ஒரு பொழுதுபோக்கு. இலக்கியத் திறனாய்வு அன்று. அந்நாவலை வாழவைப்பவள் நிலா. கணவனைக் காணாது திகைக்கும் எளிய இல்லத்தரசியாக அறிமுகமாகி, ஆட்சியையே எதிர்க்கும் துணிவுக்கு அவள் படிப்படியாக வளர்கிறாள். அவளருகே ஜீனோ என்னும் எந்திர நாய். ஏவலுக்கு இயங்கிய அது மெல்ல மெல்லத் தானே சிந்திக்கத் தலைப்படுகிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராய்ப் பணியாற்றிய சுஜாதா, எந்திரத்தின் உள்ளமைப்பை விளக்கப் பக்கங்களைச் செலவிடவில்லை; அதன் குறும்புப் பேச்சுக்கே செலவிட்டார். பதின்மூன்று, பதினான்கு வயதினர்க்கு நான் முதலில் கூறுவது இந்நூல். ஜெயமோகனின் விஷ்ணுபுரம் (1997) பெரும்படைப்பே எனினும், அதனைப் பல்கலைக்கழகம் புகுவோர்க்கே வைத்துக்கொள்வது நன்று.

மலேசியாவில் பிறந்த சென் சோ ஆங்கிலத்தில் எழுதிய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' (2021) என்னும் நாவலையும் ஆசிரியர்கள் படித்தல் வேண்டும். அமெரிக்காவில் வளர்ந்து பினாங்குக்குத் திரும்பும் ஓர் இளம்பெண்ணின் தலைக்குள், இறந்துபோன பாட்டியின் குரல் பேசத் தொடங்குகிறது. மனைக்கட்டுமானத்துக்காகச் சிறுகோவில் ஒன்றுக்கு நேரும் இடையூறே கதையின் முடிச்சு. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது முனீசுவரர் கோவில்களுக்கு நேர்ந்ததை அறிந்த தமிழ் வாசகர்க்கு அந்த முடிச்சு புதிதன்று. அந்தப் பாட்டியை வகுப்பில் அறிமுகம் செய்துவிட்டு, உங்கள் பாட்டி உங்கள் தலைக்குள் பேசினால் என்ன சொல்வாள் என்று மாணவர்களைத் தமிழில் எழுதச் சொல்லலாம்.