தொலைவியக்கக் கைகளும் தொடுவுணர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஒரு பொருளைக் கையாளும்போது அவனது கை இரு தொழில்களை ஒருங்கே ஆற்றுகின்றது. பொருளை அசைப்பது ஒன்று. அதன் பாரத்தையும் தடையையும் அறிவது மற்றொன்று. கைக்கும் பொருளுக்கும் இடையே தொலைவு புகுந்தபோது இவ்விரண்டாவது தொழிலே இழக்கப்பட்டது. அதனை மீட்கும் முயற்சியாகவே தொலைவியக்கக் கைகளின் வரலாற்றை நோக்கலாம்.

இம்முயற்சியின் தொடக்கத்தை அணு ஆய்வுகூடங்களிற் காண்கின்றோம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் கதிர்த்தொழிற்பாடுடைய பொருள்களைப் பெருமளவிற் கையாளவேண்டிய தேவை எழுந்தது. ஆய்வாளர் தடித்த காப்புச் சுவருக்கு இப்பால் நின்றே தொழிற்படவேண்டியிருந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் ஆளியை அழுத்தி மின்மோட்டர்களை இயக்கும் முறை மெதுவானதாகவும் இடர்ப்பாடு மிக்கதாகவும் அமைந்தது. இடுக்கி கண்ணாடிக் குடுவையைப் பற்றுகின்றதா, நொறுக்குகின்றதா என்பதை ஆளி உணர்த்தாது.

சிக்காக்கோவுக்கு அண்மையிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் றேமண்ட் கேர்ட்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1940களின் இறுதியில் இதற்குத் தீர்வு கண்டனர். சுவரின் இருபுறத்தும் ஒன்றையொன்று ஒத்த கைகள் அமைக்கப்பட்டு, உலோக வடங்களால் இணைக்கப்பட்டன. இயக்குபவர் தம் கையை இயல்பாக அசைக்க, அப்பாலுள்ள கையும் அவ்வாறே அசைந்தது. இணைப்பு முற்றிலும் பொறிமுறை சார்ந்ததாகையால், அங்கு ஏற்பட்ட தடை வடங்களின் வழியே அவர் கையை வந்தடைந்தது.

ஆயின், வடங்கள் நெடுந்தூரம் செல்லா. எனவே 1954இல் கேர்ட்ஸ் மின்னால் இணைந்த கைகளை உருவாக்கினார். இங்கு தொடுவுணர்வு தானாக வாய்க்கவில்லை, திட்டமிட்டே அமைக்கவேண்டியிருந்தது. இரு கைகளின் நிலைகளும் வேறுபடுமிடத்து, அவ்வேறுபாட்டிற்கேற்ப இருபுறத்து மோட்டர்களும் விசையைப் பிறப்பித்தன.

இக்கருவிகள் 'ஆண்டான் – அடிமை' எனப் பொருள்படும் பெயரால் வழங்கப்பட்டமை சிந்தனைக்குரியது. அப்பெயர் கட்டளை ஒரு திசையிற் செல்வதையே சுட்டுகின்றது. உண்மையிலோ, 'அடிமை'யின் மறுமொழி 'ஆண்டானை' எட்டியமையே அவற்றின் வெற்றிக்கு அடிப்படையாகும்.

பின்வந்தோர் இதனை எப்போதும் பேணினர் எனக் கூறமுடியாது. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி சத்திரசிகிச்சைக் கருவி வைத்தியரின் மணிக்கட்டசைவைக்கூட நுட்பமாகப் பின்பற்றியது. ஆயினும் இழையத்தின் தடையை அது அவருக்கு உணர்த்தவில்லை. தையல் நூல் எவ்வளவு இறுகுகின்றது என்பதை அவர் கண்ணாலேயே மதிப்பிடவேண்டியிருந்தது. 2001 செப்தெம்பரில் நியூயோர்க்கிலிருந்த வைத்தியர், பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரிலிருந்த நோயாளியின் பித்தப்பையை வேறொரு கருவியால் அகற்றினார். கட்டளை சமுத்திரத்தைக் கடந்தது, தொடுவுணர்வு கடக்கவில்லை.

இத்தாமதத்துக்குக் காரணமும் உண்டு. உடலினுட் செல்லும் மெல்லிய உபகரணத்தில், கிருமிநீக்கத்தைத் தாங்கக்கூடிய விசையுணரிகளைப் பொருத்துதல் எளிதன்று. டா வின்சி வரிசையில் விசையை உணர்த்தும் உபகரணங்கள் 2024இலேயே இடம்பெற்றன.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தொலைவிலிருந்து பணிப்பதிலும் தொலைவிலுள்ளதை உணர்வதே கடினமானது என்பது புலனாகும். 1940களில் வடங்கள் இயல்பாகவே அளித்ததை மீளப்பெறுதற்குச் சத்திரசிகிச்சைத் துறை பல தசாப்தங்கள் காத்திருக்க நேர்ந்தது.