வைக்கல் வண்டியும் வாழைச்சேனைக் கடதாசியும்



2022 மார்ச்சில் கடதாசி இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளி வைத்தார்கள், ஞாபகமா? அந்தக் கதையை ஆறாம் வகுப்பில் சொன்னபோது, வாழைச்சேனை ஆலையைப் பற்றியும் சொன்னேன். ஒரு பிள்ளை கேட்டது, "நம்மட ஊர்லயா டீச்சர் பேப்பர் செஞ்ச?" மதிலைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறது. ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அரசாங்கத்தில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி மூன்றுமே அவர் பேரோடு சேர்த்துப் பேசப்படுபவை. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நம் ஆலை ஓடத் தொடங்கியது.

மூலப்பொருள் நம் வயல் வைக்கல். அறுவடை முடிந்தால் வண்டி வண்டியாகப் போகும். அதை வெட்டி, கோஸ்டிக் சோடா போட்டு, நீராவியில் அவித்து, கழுவி, குளோரினால் வெளுத்து, கூழாக்கி, கம்பி வலையில் பரப்பி, உருளைகளில் பிழிந்து காய வைத்தால் கடதாசி. இன்று அதே வைக்கலை நாம் வயலிலேயே கொளுத்துகிறோம்.

என் மூத்தாப்பா வைக்கல் பக்கம்தான் வேலை செய்தார். காற்று மாறினால் அவிந்த வைக்கல் மணம் வீட்டுக்குள் வரும் என்று வாப்பும்மா சொல்வா. அந்தக் கடதாசியில் எழுதினால் பேனா முனையில் நார் சிக்குமாம், இது வாப்பாவின் முறைப்பாடு. எல்லாம் நல்லதாகவே இருந்தது என்றும் சொல்ல முடியாது. அவித்த கறுப்புத் தண்ணீர் வாவிக்குத்தான் போனது, மீன்பிடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூத்தாப்பாவோடு ஒரே முறையில் வேலை செய்தவர் பேத்தாழையைச் சேர்ந்த ஒரு தமிழர். நோன்பு திறக்கும் நேரம் இவருடைய வேலையை அவர் பார்ப்பார். தைப்பொங்கலன்று அவருடைய முறையை இவர் எடுப்பார். 85இலும் 90இலும் நடந்தவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை, இரண்டு பக்கத்திலும் மையித்துகள் விழுந்த வீடுகள் இருக்கின்றன. 90க்குப் பிறகு இருவரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகவில்லை, கோபமில்லை, பயம். யுத்தத்தோடு ஆலையும் தேய்ந்தது. திறக்கப் போகிறோம் என்ற பேச்சை எத்தனை தேர்தலில் கேட்டுவிட்டோம்!

மூத்தாப்பா மவுத்தான அன்று, ஓட்டமாவடிப் பழைய பாலத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த மனிதர் வந்தார். ரயிலும் பஸ்ஸும் ஒரே பாதையில் போன அந்த இரும்புப் பாலம்தான். வாசலில் நின்றவர் உள்ளே வரட்டுமா என்று கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம். அப்போது நான் சின்னப் பிள்ளை.

ஆலையில் வேலை செய்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் வயதாளிகள். மீராவோடை, பிறைந்துறைச்சேனை, பேத்தாழை, எங்கே இருந்தாலும் சரி, அடையாள அட்டை, சம்பளத் துண்டு, படம் ஏதாவது வீட்டில் இருந்தால் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த தவணை என் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சின்னக் கண்காட்சி வைக்க நினைத்திருக்கிறேன்.