இந்தோனேசிய இளைஞர்களின் பேச்சு: கெட்டுப்போன மொழியா, சொந்தமான மொழியா?

ஜகார்த்தாவில் ஒரு கல்லூரி மாணவர் இன்ஸ்டாகிராமில் எழுதுவதைப் புத்தகம் பார்த்து இந்தோனேசிய மொழி கற்றவர் படித்தால் பாதிதான் புரியும். 'நான்' என்பதற்குப் பாடத்தில் வரும் 'சாயா' அங்கே இருக்காது, 'குவே' இருக்கும். நடுநடுவே ஆங்கிலம் வரும். சில சொற்கள் தலைகீழாக நிற்கும். "பிள்ளைகள் மொழியைக் கெடுக்கிறார்கள்" என்பது பெரியவர்களின் புலம்பல். ஆனால் அந்த மொழி வந்த வழியைப் பார்த்தால் கதை வேறு.

யாருக்கும் சொந்தமில்லாத மொழி

1928 அக்டோபர் 28. டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர் மாநாடு, ஒற்றுமைக்கான மொழி இந்தோனேசிய மொழி என்று உறுதி எடுத்தது. அன்று மிக அதிகம் பேர் பேசியது ஜாவா மொழி. ஆனாலும் அதை எடுக்கவில்லை. ஜாவா மொழியில் பெரியவரிடம் பேசும் 'க்ரோமோ' வேறு, நண்பரிடம் பேசும் 'ங்கோகோ' வேறு, சொற்களே மாறிவிடும். பெரிய இனத்தின் மொழியை வைத்தால் மற்ற தீவுக்காரர்களுக்கும் மனம் கசக்கும். எனவே, துறைமுகங்களில் வியாபாரிகள் பேசிவந்த மலாய் மொழிக்குப் புதுப்பெயர் கிடைத்தது. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

துறைமுக மொழி என்றாலே கலப்புதானே! தமிழ்க் கப்பல் அங்கே 'காப்பால்', கடை 'கெடாய்', மாப்பிள்ளை 'மெம்பெலாய்' (மணமகளையும் இதே சொல் குறிக்கும்). ஷூவுக்கு 'செபாத்து'. இலங்கைத் தமிழர் சொல்லும் 'சப்பாத்து' போலவே இதுவும் போர்ச்சுகீசியர் கொடுத்தது. அலுவலகம் என்னும் 'கான்தோர்' டச்சு. இளைஞர்கள் கெடுப்பதற்கு முன் சுத்தமான ஒரு மொழி இருந்தது என்று சொல்லவே முடியாது.

ரவுடி பாஷை

விடுதலைக்குப் பிறகு அந்த மொழி பள்ளிக்கூடம், வானொலி, அரசு அலுவலகம் என்று விறைப்பாக நின்றது. கூட்டாளியோடு அரட்டை அடிக்க அது போதவில்லை. 1970களில் ஜகார்த்தா தெருக்களில் 'ப்ரேமான்' எனப்படும் ரவுடிகள் ஒரு ரகசியப் பேச்சு வைத்திருந்தார்கள். விதி எளிது: சொல்லின் பின்பகுதியை வெட்டிவிட்டு, நடுவில் 'ஓக்' என்று நுழைக்க வேண்டும். பாபாக் (அப்பா) 'போகாப்' ஆகும். செபாத்து 'செபோகாத்' ஆகும். ப்ரேமான் 'ப்ரோகெம்' ஆனது. அதுவே அந்தப் பாஷையின் பெயரும் ஆனது.

மாணவர்கள் இதை ஆசையாகப் பிடித்துக்கொண்டார்கள். 1977-ல் நாவலாகவும் படமாகவும் வந்த தெகு ஏஷாவின் 'அலி தோப்பான்' கதை இதை நாடெங்கும் பரப்பியது. 1990-ல் ப்ரோகெமுக்கு அகராதியே வந்துவிட்டது!

1998-ல் சுகார்த்தோ ஆட்சி விழுந்தது. அடுத்த ஆண்டே டெபி சாஹெர்தியான் என்ற நடிகை 'காவுல்' பாஷைக்கு அகராதி போட்டார். காவுல் என்றால் பழகுதல். அதில் பல சொற்கள் அழகு நிலையங்களில் வேலை பார்த்த திருநங்கைகள் உருவாக்கியவை. லாக்கி (ஆண்) அவர்களிடம் 'லெகோங்'. முன்பு ரவுடிகள், இப்போது திருநங்கைகள். ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் பேச்சைத்தான் ஒவ்வொரு முறையும் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தாத்தா எழுதிய '2'

பிறகு செல்போன் வந்தது. எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள்தான். 'அனாக்-அனாக்' (குழந்தைகள்) என்று இருமுறை அடிப்பதற்குப் பதில் 'அனாக்2' என்று அடித்தார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டு விழுந்தது. ஆனால் 1947-ன் அரசு எழுத்துமுறையே இந்த 2-ஐ அனுமதித்திருந்தது. 1972 சீர்திருத்தம்தான் நீக்கியது. பேரன் செய்த 'தவறு' தாத்தா பள்ளியில் எழுதிய சரியான எழுத்து!

தலைகீழ்ச் சொற்களும் புதிதல்ல. இன்று 'யுக்' (வா, போகலாம்) 'குய்' ஆகிறது. 'பிசா' (முடியும்) 'சாபி' ஆகிறது. கிழக்கு ஜாவாவின் மலாங் நகரில் இந்த விளையாட்டு பழையது. ஊர்ப்பெயரே 'ஙாலாம்' ஆகும். 1949-ல் டச்சு உளவாளிகளை ஏமாற்ற விடுதலை வீரர்கள் கண்டுபிடித்தது என்பார்கள் ஊர்க்காரர்கள். 2018 வாக்கில் 'விச் இஸ்', 'லிட்டரலி' என்று ஆங்கிலம் கலந்த தெற்கு ஜகார்த்தா இளைஞர்களை நாடே கிண்டல் செய்தது. கிண்டல் செய்தவர்கள் சொன்ன 'குவே', 'லு' (நான், நீ) இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை.

அப்படியானால் கவலையே வேண்டாமா?

வேண்டும், ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 1980 கணக்கெடுப்பில் வீட்டில் இந்தோனேசிய மொழி பேசியவர்கள் சுமார் 12 சதவீதம். 2010-ல் அது சுமார் 20 சதவீதம். நாட்டில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. 'குவே, லு' என்று அழகாக அரட்டை அடிக்கும் ஜாவாக்காரப் பேத்திக்குப் பாட்டியிடம் க்ரோமோவில் நாலு வார்த்தை பேச வராமல் போகலாம். உண்மையான இழப்பு அதுதான்.

இந்தோனேசிய மொழிக்கோ இது இழப்பே அல்ல. யாரும் அலுவலக மொழியில் செல்லம் கொஞ்சுவதில்லை, சண்டையும் போடுவதில்லை. வெட்டி, திருப்பி, கலந்து விளையாட மனிதனுக்குச் சொந்த மொழிதான் வேண்டும். 1928-ல் ஓர் இளைஞர் கூட்டம் யாருடையதும் அல்லாத ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தது. அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்களும் இளைஞர்கள்தான்.