லோதி ரோடு முதல் மானேசர் வரை

லோதி ரோடு என்றதும் தில்லித் தமிழர்களுக்கு நினைவு வருவது டி.டி.இ.ஏ. பள்ளிக்கூடமும் சாய்பாபா கோயிலும்தான். சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸை அங்கே ஃபைல் தள்ளியவர்களைத் தவிர வேறு யாரும் பிரமாதமாகச் சொல்வதில்லை. ஆனால் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இருப்பது அந்த வளாகத்தில்தான். 1986-இல் தொடங்கிய அத்துறையின் குழந்தைதான் ஹரியானாவில், ஆரவல்லி மலையடிவாரத்தில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம்.

இதன் வேர் நம்ம ஊரில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பா. ராமமூர்த்தி. 1951-இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். இரண்டு பேர் அறுவை நிபுணர்கள், ஒருவர் நரம்பியல் மருத்துவர், ஒருவர் இ.இ.ஜி. பார்ப்பவர். நாலு பேர், மூணு துறை! கூட்டு ஆய்வு என்று இன்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறோமே, அது அன்றே அந்த அறையில் இருந்தது. பல்தேவ் சிங் பின்னர் தில்லி எய்ம்ஸுக்கு வந்து, உடலியல் பேராசிரியர் பி.கே. ஆனந்துடன் சேர்ந்து யோகிகளின் மூளை அலைகளை ஆராய்ந்தார். 1961-இல் அது வெளியானது.

ஆனாலும் நோயாளி ஓரிடம், பரிசோதனைக்கூடம் ஓரிடம், கணக்குப் போடுகிறவர் வேறோர் ஊர் என்ற நிலை வெகுகாலம் மாறவில்லை. எய்ம்ஸின் பேராசிரியர் பி.என். டாண்டன் போன்றவர்கள் விடாமல் முயன்றதன் பலனாக மானேசர் மையம் உருவாயிற்று. முதல் இயக்குநர் சென்னையில் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத். பெங்களூர் நிம்ஹான்ஸில் மருந்துகளை மூளை எப்படிக் கையாள்கிறது என்று ஆராய்ந்தவர். 2002-இல் மையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2003 டிசம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மாதத்தில்தான் ராமமூர்த்தி காலமானார்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ் என்று மூன்று எழுத்தில் தடுமாறும் பிள்ளைகள் நம்முடையவை. தடுமாற்றம் பழக்கக் குறைவா, டிஸ்லெக்சியாவா என்று இங்கிலீஷ் பரீட்சையை மட்டும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? மானேசரில் நந்தினி சாட்டர்ஜி சிங் குழுவினர் இதற்காக இந்திய மொழிகளிலேயே ஒரு சோதனை முறையை உருவாக்கி 2015-இல் வெளியிட்டார்கள். இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவை இருந்த முதல் தொகுப்பில் தமிழ் இல்லை. அது எனக்குக் குறைதான்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது, ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்" என்றார்கள். அவர்களுக்கு வேறு ஊரிலிருந்து பதில் வந்தது. ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு: இருமொழிக்காரர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த கணக்கு இது. பிற நாட்டு ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவும் இல்லை. ஆனாலும் தமிழை நிறுத்தச் சொல்ல ஆதாரம் எங்கே?

விஜயலட்சுமி பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் அங்கும் மூளை ஆய்வுக்கு மையம் கண்டார். 2022-இல் சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒன்று தொடங்கியது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட முப்பரிமாண வரைபடத்தை உலகில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.