புற்றில் பூத்த உணவு

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இடியோடு மழை பெய்து ஓய்ந்த விடியலில், கறையான் புற்றோரம் கூடையுடன் குனிந்து நடக்கும் கிராமத்துப் பெண்களுக்குப் புற்றுக் காளானின் லட்சணங்களை எந்தச் சாஸ்திரமும் கற்பித்ததில்லை. குடையின் நடுவே கூரிய முகடும், அதன் அடியில் வெளிறிய மடிப்புகளும், மண்ணை அகழ அகழப் புற்றறை வரை வேர்போல் நீளும் காம்பும் ஒருங்கே அமைந்தாலன்றி, அவர்கள் அதைக் கூடையில் இடுவதில்லை. ஐயமுற்றதை விட்டுவிடுவதே பரம்பரை விவேகம்.

கறையானுக்கும் காளானுக்கும் உள்ள பந்தத்தை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்த முன்னோடிகளுள் ஒருவர், லின்னேயஸின் சீடரும், 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக வந்தவருமான கோனிக். தஞ்சைச் சீமையின் புற்றுகளைத் தோண்டி, கடற்பஞ்சு போன்ற கூடுகளில் வெண்மணிகளாய்ப் பூஞ்சை விளைவதைக் கண்ட அவர், அவ்விவரத்தை 1779-இல் பிரசுரித்தார். பின்னர், பேராதனைத் தோட்டத்தில் பணியாற்றிய டாம் பெட்ச் இலங்கைப் புற்றுகளை ஆராய்ந்து 1906-இல் எழுதினார். 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம் இக்காளான் பேரினத்துக்கு டெர்மிடோமைசிஸ் என்று நாமகரணம் செய்தார்.

பண்டிதர்கள் பெயர் தேடிய அக்காலமெல்லாம், மண் போகக் கழுவிய அக்காளான், சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் சேர்ந்து, கிராமத்து மண்சட்டிகளில் அமைதியாக வெந்துகொண்டுதான் இருந்தது.