'கதர்' ஏடும் மங்கு ராமும்

தாய்நாட்டில் வாய் திறக்க வழியற்றோர் அயல்நாடு சென்று அச்சுக்கூடம் நிறுவிய வரலாறுகள் உலகில் பலவாகும். அவற்றுள் நம் இளைஞர்கள் தவறாது அறிய வேண்டிய ஒன்றை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் மர ஆலைகளிலும் பழத்தோட்டங்களிலும் கூலி வேலை செய்த பஞ்சாபியர் 1913ஆம் ஆண்டில் ஒரு சங்கம் கண்டனர். சோகன் சிங் பக்னா அதன் தலைவர். ஹர் தயாள் செயலாளர். அச்சங்கத்தார் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1913 நவம்பர் 1ஆம் நாள் தொடங்கிய வார ஏடே 'கதர்'. நமக்குக் கதர் என்றால் கைராட்டைத் துணிதான் நினைவுக்கு வரும். அவ்வேட்டின் பெயரோ உருதுவில் கலகம் எனப் பொருள்படுவது. 1857ஆம் ஆண்டின் எழுச்சியை நினைவூட்ட வைக்கப்பட்டது. முதலில் உருதுவிலும், அடுத்த மாதமே குருமுகி எழுத்தில் பஞ்சாபியிலும் வெளிவந்தது. அச்சுப் பணியில் முன்நின்ற கர்த்தார் சிங் சராபாவுக்கு அப்போது வயது பதினேழு. 1915 நவம்பர் 16இல், லாகூர் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டு அவர் தூக்கிலிடப்பட்டபோது பத்தொன்பது.

ஏட்டில் ஆங்கில ஆட்சியின் கணக்கு வழக்கு என்றொரு பகுதி வந்தது. நாட்டை விட்டு வெளியேறும் செல்வம், பஞ்சத்தில் மாண்டோர், பிளேக் நோயில் மாண்டோர் என்று உழைப்பாளிக்கும் விளங்கும் வகையில் அது வரிசைப்படுத்திக் காட்டியது. இவ்வேடு கனடா, ஆங்காங், மலேயா, பிலிப்பைன்ஸ் என்று இந்தியர் வாழ்ந்த இடமெல்லாம் சென்றது. இந்தியாவுக்குள் வருவதை அரசு தடுத்தது. அஞ்சலில் சிக்கிய படிகளை மொழிபெயர்த்துக் கோப்புகளில் சேர்த்தது. இன்று ஆராய்வோர்க்குப் பெருந்துணையாவன அக்கோப்புகளே! தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் அவற்றைக் காணலாம். பெர்க்கிலியிலுள்ள பான்கிராப்ட் நூலகத்திலும் இவ்வியக்கம் பற்றிய தொகுப்பு உண்டு. அழிக்க நினைத்தவனே காத்து வைத்தான் என்பது விந்தையே. எனினும் ஒற்றர் அறிக்கையை அப்படியே நம்புதல் தகாது. ஒற்றன் தன் ஊதியத்திற்காக எழுதுபவன். சிறு கூட்டத்தையும் பெருஞ்சதியாகக் காட்டுவது அவன் இயல்பு.

கோப்புகளுக்கு மற்றொரு குறையும் உண்டு. 1915இல் ஆயுதம் கொண்டுவரும் முயற்சியில் 'ஆனி லார்சன்', 'மேவரிக்' என்னும் இரு கப்பல்கள் ஈடுபட்டன. நடுக்கடலில் சந்திக்க வேண்டிய அவை சந்திக்கவே இல்லை. மேவரிக்கில் சென்ற இந்தியர் ஐவர் பாரசீகப் பணியாளர் போல் வேற்றுப் பெயர்களில் இருந்தனர். அவ்வைவருள் தாமும் ஒருவர் என்று பிற்காலத்தில் கூறியவர் மங்கு ராம். மாற்றுப் பெயரில் சென்றவரைக் கோப்பில் மட்டும் தேடினால் எங்ஙனம் கிடைப்பார்?

மங்கு ராம் 1886இல் பஞ்சாபின் ஹோசியார்பூர் மாவட்டத்து முகோவால் சிற்றூரில், தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். தோல் வணிகத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆளின்றித் தவித்த தந்தை, மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளையோ வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்டான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இவ்விடத்தைக் கடந்து செல்வது எளிதாக இல்லை. 1909இல் அமெரிக்கா சென்று, பழத்தோட்டங்களில் உழைத்து, கதர் இயக்கத்தில் சேர்ந்தார். அங்கே தம்மைச் சமமாக நடத்தினர் என்பதை அவர் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

கப்பல் முயற்சி முறிந்தபின் பிலிப்பைன்சில் பல்லாண்டு வாழ்ந்து, 1925இல் ஊர் திரும்பினார். அன்னியனை எதிர்த்துக் கடல் கடந்து போராடியவர்க்குச் சொந்த ஊரில் தீண்டாமை அப்படியே காத்திருந்தது. கதர் இயக்க வரலாறுகள் பலவற்றில் இவர் பெயர் ஒரு வரியாகவேனும் இடம்பெறவில்லை. இதனை மறதி என்று மட்டும் கூறி விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. மார்க் யூர்கன்ஸ்மேயர் என்னும் அமெரிக்க அறிஞர் முதுமையில் இவரை நேரில் கண்டு கேட்டெழுதியதனால்தான் இச்செய்திகளுட் பல நமக்குக் கிட்டின. 1980இல் மங்கு ராம் மறைந்தார்.

அயல்நாட்டில் ஏட்டின் வலிமையைக் கண்டவர், ஊரிலும் 'ஆதி டங்கா' என்ற ஏட்டை நடத்தினார். 1926 ஜூனில் முகோவாலில் அவர் கூட்டிய மாநாட்டில் ஆதி தர்ம இயக்கம் பிறந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பஞ்சாபில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தம்மை ஆதி தருமி என்றே எழுதச் செய்தனர்.