மாதிரிக் கார் கிட்டுகளின் வரலாறு

மாதிரிக் கார் கிட் என்பது உண்மையான ஒரு காரைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, அதன் பாகங்களைத் தனித்தனியே பிளாஸ்டிக்கில் வார்த்து, பெட்டியில் அடைத்து விற்கப்படும் தொகுப்பு. வாங்குபவர் பாகங்களை வெட்டி எடுத்து, தேய்த்து, வண்ணமடித்து, ஒட்டி ஒரு முழுக் காரை உருவாக்குகிறார். இன்று இது பெரும்பாலும் பெரியவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் இதன் தொடக்கம் கார் விற்பனையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் விளம்பரப் பொருளாகப் பிறந்து, சுமார் பத்து ஆண்டுகளில் சிறுவர்களின் கைவேலையாக மாறி, பின்னர் மறைந்துபோன கார்களின் வடிவத்தைக் காத்துவைக்கும் ஆவணமாகவும் ஆனது இந்தக் கிட்.

விகிதங்கள்

மாதிரிக் கார்களில் 1/25, 1/24, 1/32 ஆகிய விகிதங்கள் பரவலானவை. 1/24 என்பது அடி-அங்குலக் கணக்கில் பிறந்தது. உண்மைக் காரின் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம் ஆகும். 1/32 விகிதத்தில் அதே ஓர் அடி எட்டில் மூன்று அங்குலமாகச் சுருங்கும். அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் 1/25 விகிதத்தைக் கையாண்டன. ஜப்பானிய நிறுவனங்கள் 1/24ஐ ஏற்றன. ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளமுள்ள 1959ஆம் ஆண்டு காடிலாக் கார் 1/25 விகிதத்தில் சுமார் 23 சென்டிமீட்டர் இருக்கும். 1/32 விகிதத்தில் அது 18 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேசை மீது வைத்து வேலை செய்யவும், எஞ்சின், டாஷ்போர்டு போன்ற நுணுக்கங்களைக் காட்டவும் 1/24, 1/25 ஆகிய அளவுகள் வசதியாக இருந்ததால் அவையே நிலைத்தன.

கிட்டுகளுக்கு முன்

கிட்டுகள் வருமுன்பே கார் மாதிரி செய்வது அமெரிக்க இளைஞர்களிடையே மதிப்புள்ள திறமையாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1930இல் தொடங்கிய ஃபிஷர் பாடி கைவினைஞர் சங்கப் போட்டி இதில் முக்கியமானது. தொடக்கத்தில் போட்டியாளர்கள் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றின் மாதிரியைச் செய்ய வேண்டியிருந்தது. பின்னர், தாமே கற்பனை செய்த காரை மரம், களிமண், பிளாஸ்டர் முதலியவற்றில் வடிக்கும் பிரிவும் சேர்ந்தது. வென்றவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. 1947இல் பரிசு பெற்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவராக உயர்ந்தார். 1968 வரை நடந்த இப்போட்டியில் சிறுவர்கள் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இத்துறை நெடுங்காலம் ஆண்களின் உலகமாகவே இருந்ததன் ஓர் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

இப்போட்டிக்கு மாதிரி செய்யப் பல மாத உழைப்பும் நல்ல கைத்திறனும் தேவைப்பட்டன. சாதாரணச் சிறுவனுக்கும் எட்டும் மாதிரிக் கார் வேறொரு வழியில் வந்தது.

விற்பனையகத்திலிருந்து

போர் முடிந்தபின் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தின. எல்லா வண்ணங்களிலும் காரைக் கொண்டுவந்து நிறுத்த விற்பனையகங்களில் இடமில்லை. எனவே, உண்மைக் காரின் வண்ணத்திலேயே பூசப்பட்ட சிறிய மாதிரிகளை வாடிக்கையாளருக்குக் காட்டினர். கார் பார்க்க வந்தவரின் பிள்ளைகளுக்கு அவற்றைப் பரிசாகவும் கொடுத்தனர். இவை விளம்பர மாதிரிகள் எனப்பட்டன.

டெட்ராய்ட் பகுதியில் 1947இல் ஜான் ஹேன்லி தொடங்கிய ஜோ-ஹான் நிறுவனமும், 1948இல் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனமும் இத்தொழிலில் முன்னின்றன. ஏ.எம்.டி. என்பது ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்பதன் சுருக்கம். முதல் மாதிரி அலுமினியத்தில் வார்க்கப்பட்டதால் வந்த பெயர் அது. நிறுவனம் விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் பெயர் மாறவில்லை.

புதிய கார் விற்பனைக்கு வரும் நாளிலேயே மாதிரியும் தயாராக இருக்க வேண்டும். அதற்காகக் கார் நிறுவனங்கள் தம் வரைபடங்களை முன்கூட்டியே மாதிரி செய்வோருக்கு வழங்கின. பிற்காலக் கிட்டுகளின் துல்லியத்திற்கு அடிப்படை இந்த ஏற்பாடே.

இங்கிலாந்திலும் இதை ஒத்த நிகழ்வு ஒன்று உண்டு. ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனத்தின் விற்பனையாளர்களுக்காக ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1940களின் இறுதியில் ஒரு டிராக்டர் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் அதே டிராக்டரை, கோப்பதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தி, உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்றது. கோக்கும் வேலையை வாங்குபவரிடமே விட்டால் விலை குறையும். வாங்குபவருக்கும் அந்த வேலை பிடித்திருக்கிறது என்பது அப்போது தெரியவந்தது.

1958: தேர்வு வாங்குபவர் கைக்கு வந்தது

1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் பழங்காலக் கார்களை 1/32 விகிதத்தில் ‘ஹைவே பயனியர்ஸ்’ என்ற வரிசையாக வெளியிட்டது. சிகாகோவின் மோனோகிராம் நிறுவனமும் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது. ஆயினும் திருப்புமுனையாக அமைந்தது 1958இல் ஏ.எம்.டி. கொண்டுவந்த ‘த்ரீ இன் ஒன்’ கிட். விளம்பர மாதிரிக்காகச் செய்திருந்த அச்சுகளையே பயன்படுத்தி, அதே காரை உதிரிப் பாகங்களாக அந்நிறுவனம் விற்றது. கூடவே கூடுதல் பாகங்களையும் சேர்த்தது. ஒரே பெட்டியைக் கொண்டு அந்தக் காரை ஆலையிலிருந்து வந்தபடியோ, அலங்கார மாற்றங்களுடனோ, பந்தயக் காராகவோ செய்யலாம்.

இந்தக் கூடுதல் பாகங்கள்தாம் கிட்டின் தன்மையை மாற்றின. விளம்பர மாதிரியைப் பெற்ற சிறுவன் அதைப் பார்க்கலாம், உருட்டலாம். கிட்டை வாங்கியவனோ ஒரு முடிவு எடுக்க வேண்டும். இரண்டு நண்பர்கள் ஒரே கிட்டை வாங்கினாலும் இரண்டு வெவ்வேறு கார்கள் கிடைத்தன. மிஞ்சிய பாகங்கள் ஒரு டப்பாவில் சேர்ந்து, அடுத்த காருக்குப் பயன்பட்டன. ஒரு கிட்டின் எஞ்சினை மற்றொன்றின் உடலில் பொருத்தும் கலவை வேலை இப்படித்தான் பரவியது.

உண்மைக் கார்களை மாற்றியமைப்பதில் புகழ்பெற்றவர்களும் இத்துறைக்குள் வந்தனர். ஜார்ஜ் பாரிஸ் ஏ.எம்.டி.க்கு ஆலோசகரானார். எட் ராத் உருவாக்கிய விசித்திரக் கார்களை ரெவெல் 1962 முதல் கிட்டுகளாக வெளியிட்டது. விற்கும் ஒவ்வொரு கிட்டுக்கும் அவருக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை. 1963இல் அவ்வகையில் அவருக்கு 32,000 டாலர் கிடைத்ததாகக் கூறப்படுகிறது. அதாவது ஓராண்டில் 32 லட்சம் கிட்டுகள். அக்கால விற்பனை எந்த அளவில் இருந்தது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

பொருளும் வேலைமுறையும்

தொடக்க கால விளம்பர மாதிரிகள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வளைந்து கோணும். கிட்டுகளுக்குப் பாலிஸ்டைரீன் பயன்பட்டது. உருகிய பிளாஸ்டிக்கை உயரழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறியதும் பாகங்களைச் சட்டத்துடன் வெளியே எடுப்பார்கள். அச்சு செய்யப் பெருந்தொகை ஆகும். அதன் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. எனவே, அதிக எண்ணிக்கையில் விற்றால் மட்டுமே அச்சுக்கான முதல் திரும்பக் கிடைக்கும்.

பாலிஸ்டைரீனை ஒட்டும் பசை, சாதாரணப் பசைபோல் இரு பரப்புகளுக்கு நடுவே காய்ந்து பிடிப்பதில்லை. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. இந்தக் கரைப்பானே 1960களில் ஒரு சமூகச் சிக்கலுக்கும் காரணமானது. போதைக்காகச் சிறுவர்கள் பசையின் ஆவியை முகர்ந்தனர். உடல்நலம் கெட்டவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. பல இடங்களில் சிறுவர்களுக்குப் பசை விற்கக் கட்டுப்பாடு வந்தது. டெஸ்டர்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில், கடுகின் காரநெடி தரும் எண்ணெயைப் பசையில் கலந்து, முகர முடியாதபடி செய்தது.

வேலைமுறை பெரிதாக மாறவில்லை. பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டுத்தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளிகளில் பட்டி பூசி, பிரைமர் அடித்து, வண்ணம் தெளித்து, மெருகேற்றுவர். ஒர்க்‌ஷாப்பில் உண்மைக் காருக்குச் செய்யும் அதே வரிசை இது. பம்பர், ஜன்னல் ஓரப்பட்டை ஆகியவற்றின் பளபளப்புக்கு மெல்லிய உலோகத் தாளை ஒட்டுவதும் உண்டு.

ஜப்பானின் துல்லியம்

ஜப்பானில் இத்துறையின் மையம் ஷிசுவோகா. மரவேலைக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் 1946இல் யோஷியோ தமியா ஒரு மரம் அறுக்கும் ஆலையைத் தொடங்கினார். 1951இல் தீ விபத்தில் பெரும் இழப்பு ஏற்பட்டது. அதன்பின் நிறுவனம் மர மாதிரிகளின் பக்கம் முழுமையாகத் திரும்பியது. 1960இல் வந்த அதன் முதல் பிளாஸ்டிக் கிட்டான யமாட்டோ போர்க்கப்பல் போட்டி நிறுவனத்தின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றது. அடுத்து வந்த பாந்தர் டாங்கியே நிறுவனத்தை நிமிர்த்தியது.

தமியா 1967இல் ஹோண்டா ஃபார்முலா-1 காரை 1/12 விகிதத்தில் வெளியிட்டது. 1970களில் போர்ஷே கிட் ஒன்றைத் திட்டமிட்டபோது, ஷுன்சாகு தமியா ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துப் பாகங்களை ஆராய்ந்தார். அமெரிக்கக் கிட் வாங்குபவருக்குப் பல தேர்வுகளைத் தந்தது. ஜப்பானியக் கிட்டோ, பாகங்கள் இடைவெளியின்றிப் பொருந்துவதையே பெருமையாகக் கொண்டது. அயோஷிமா, ஃபுஜிமி, ஹசெகாவா ஆகிய நிறுவனங்களும் ஷிசுவோகா மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

உரையாடலும் போட்டியும்

மாதிரிக் கார் கட்டுவது தனிமையில் செய்யும் வேலை. ஆனால் அதன் அளவுகோல்கள் பலர் கூடிப் பேசி உருவானவை. 1963இல் இங்கிலாந்தில் தொடங்கிய பன்னாட்டு பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கம் நடுவர்களைக் கொண்டு போட்டிகளை நடத்துகிறது. ஒட்டுத் தடம் தெரிகிறதா, நான்கு சக்கரங்களும் தரையில் படிகின்றனவா, வண்ணத்தில் தூசி உண்டா என்பவை அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகள். இதற்கு மாறாக, அமெரிக்காவின் டோலிடோ நகரில் தொடங்கிய என்.என்.எல். வகைக் கூடுகைகளில் நடுவர்கள் இல்லை. கொண்டுவந்ததை மேசையில் வைத்து, சுற்றி நின்று பேசுவதே நோக்கம்.

விவாதங்களும் பழமையானவை. பெட்டியில் உள்ளதை மட்டும் கொண்டு செய்வதா, மாற்றிச் செய்வதா? பழைய கிட்டைப் பிரித்துக் கட்டுவதா, பிரிக்காமல் பாதுகாப்பதா? மேற்கூரையின் வளைவு ஒரு மில்லிமீட்டர் தவறினால் அது குற்றமா? கடைசிக் கேள்வி வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1/25 விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மைக் காரில் இரண்டரை சென்டிமீட்டர்.

காத்ததும் தொலைந்ததும்

இந்தத் துல்லியத்தின் மதிப்பைக் காட்டும் சிறந்த சான்று கிரைஸ்லர் டர்பைன் கார். வழக்கமான எஞ்சினுக்குப் பதிலாக வாயு டர்பைனில் ஓடிய இக்காரைக் கிரைஸ்லர் 1960களின் முற்பகுதியில் மொத்தம் 55 மட்டுமே செய்தது. அவற்றில் 50 கார்கள் 203 பேரிடம் சுழற்சி முறையில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்பட்டன. சோதனை முடிந்தபின் பெரும்பாலானவை அழிக்கப்பட்டு, ஒன்பது மட்டும் எஞ்சின. ஆனால் எஞ்சின் உட்பட அக்காரை 1/25 விகிதத்தில் நுட்பமாக வடித்த ஜோ-ஹான் கிட்டுகள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் உள்ளன.

அதே தொழில் தன் சொந்த வரலாற்றைக் காக்கவில்லை. கார் ஆண்டுதோறும் சிறிது மாறும்போது, புதிய அச்சு செய்வதற்குப் பதிலாகப் பழைய அச்சையே செதுக்கித் திருத்துவது வழக்கம். 1963ஆம் ஆண்டுக் காரின் அச்சை 1964க்கு மாற்றிவிட்டால் முந்தையதை மீண்டும் வார்க்க முடியாது. சில அச்சுகள் பந்தயக் கார்களுக்காக வெட்டப்பட்டன. வேறு சில, நிறுவனங்கள் கைமாறியபோது காணாமல் போயின. ஏ.எம்.டி. 1978இல் லெஸ்னியிடமும் பின்னர் எர்டிலிடமும் சென்றது. இன்று ரவுண்ட் 2 நிறுவனத்திடம் உள்ளது. ரெவெலும் மோனோகிராமும் 1986இல் இணைந்தன.

1970களின் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை ஏற்றியது. வீடியோ விளையாட்டுகள் சிறுவர்களை ஈர்த்தன. கிட் வாங்குவோரின் எண்ணிக்கை குறைந்து, வயது கூடியது. கார் நிறுவனங்களுடனான உறவும் தலைகீழானது. ஒருகாலத்தில் மாதிரிகளைப் பணம் கொடுத்துச் செய்வித்த அந்நிறுவனங்களுக்கு, இப்போது பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்தக் கிட் நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன.

அச்சு தொலைந்த பழைய கார்களை மீட்கும் வேலை தற்போது இரு வழிகளில் நடக்கிறது. தனிநபர்கள் எஞ்சியுள்ள மாதிரியிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து ரெசினில் சிறு எண்ணிக்கையில் வார்க்கின்றனர். சிலர் முப்பரிமாண அச்சுப்பொறியில் பாகங்களை உருவாக்குகின்றனர். நிறுவனங்களோ, பழைய கிட்டின் பாகங்களை அளந்து புதிய எஃகு அச்சு செய்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் கட்டாமல் விட்டுவைத்த பெட்டி, அந்த வேலைக்கு மூலப்படியாக அமைகிறது.